கொம்பு சைக்கிளும் நாற்பத்தேழாம் நம்பரும்

அத்தியாயம் ஒன்பது

வெள்ளைப்பாறைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மாசிலாமணியின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்று எழுதுவதற்கு. மற்றது சனத்தைப் பயமுறுத்துவதற்கு. அந்த இரண்டாவது பேனா இருபத்தைந்து வருடத்தில் ஒரு எழுத்துக்கூட எழுதியதில்லை என்று கோகிலா எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வாள். ஆனாலும் சனம் அதைப் பார்த்துத்தான் பயந்து தொலைத்தது.

இரண்டாயிரத்தைந்தாம் வருடம், மார்ச் மாதத்துப் புதன்கிழமை காலை. இரண்டு பேனாக்களும் முன்னால் நடக்க, நுஹ்மானும் கோகிலாவும் பின்னால் நடந்து ஆபீஸ் களஞ்சிய அறைக்குள் போனார்கள்.

நுஹ்மானுக்கு ஐம்பத்திரண்டு வயது; ஊருக்கு அவர் நானா, அதாவது அண்ணன். வாகனக் காப்புறுதிக் கம்பனியொன்றில் இருபது வருடம் சேதம் மதிப்பிட்டவர். "மாடு குறுக்க வந்திச்சு" என்ற பொய்யை மட்டும் நானூறு தடவை கேட்டுச் சலித்துப்போய், இப்போது பலாங்கொடையில் தங்கை மர்லியாவின் துணிக்கடை மாடியில் துப்பறியும் தொழில் நடத்துகிறார். பொய் சொல்கிறவர்கள்மேல் அவருக்குக் கோபம் கிடையாது. பொய்யைச் சோம்பேறித்தனமாகச் சொல்கிறவர்களைத்தான் பொறுக்கமாட்டார். கோகிலா அவருடைய உதவியாளர். இதே தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, பிள்ளைக் காம்பராவில் ஏழு வருடம் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, முப்பத்து நான்கு வயதில் டவுனுக்கு இறங்கியவள். வாய் மட்டும் இன்னும் இறங்கவில்லை என்று நுஹ்மான் சொல்வார்.

மாசிலாமணி ஒரு சைக்கிள்மேல் போர்த்தியிருந்த சாக்கை இழுத்தார்.

"இந்தா பாத்துக்கங்க. தோட்டத்துச் சொத்து."

தடித்த டயர். தோட்டத்து ஸ்டோர் கதவுக்கு அடிக்கும் அதே பச்சைப் பெயின்ட். கைப்பிடி சாதாரணச் சைக்கிளின் கைப்பிடி அல்ல. இரண்டு தண்டுகள் நடுவிலிருந்து விரிந்து போய், எருமைக் கொம்பு அகலத்துக்கு நின்றன. பிரேக் பிடிகள் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியவை மாதிரி தடிமனாக இருந்தன. தோட்டம் முழுக்க இதற்குக் கொம்பு சைக்கிள் என்றுதான் பேர். இருபது வருடமாக இதை மேற்பிரிவுக் காவல்காரன் ஐயாவு ஓட்டுகிறான்.

ஓட்டிக்கொண்டிருந்தான் என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலை பிரிக்க இருநூறு பேர் கூடி நிற்கும் இடத்தில், மாசிலாமணி ஐயாவுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "தோட்டத்துச் சைக்கிளக் களவெடுத்தவன்" என்று உரக்கச் சொல்லிச் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை தோட்ட மனேஜரான துரைக்கு முன்னால் இன்குவாரி. அதில் குற்றம் நின்றால் ஐயாவுவின் வேலை போகும், பொலிசும் வரும். களவெடுத்த காவல்காரன் என்ற பேர் இந்த மலையில் ஒருவனுக்கு விழுந்தால் அது பிள்ளை பேரப்பிள்ளை வரைக்கும் போகும்.

"அத்தாட்சி?" என்றார் நுஹ்மான்.

மாசிலாமணி அதற்குத்தான் காத்திருந்தார். கைப்பிடிக்குக் கீழே நெற்றி மாதிரி நிற்கும் குழாயில் வெள்ளைப் பெயின்டில் நாற்பத்தேழு என்ற எண் இருந்தது. பிறகு கக்கத்திலிருந்த தடிப் புத்தகத்தைத் திறந்தார். தோட்டம் அரசாங்கக் கோப்பரேஷன் கையில் இருந்த காலத்துத் தளபாடப் புத்தகம். நாற்பத்தேழாம் இலக்கம்: சைக்கிள், ஒன்று.

"எழுபத்தொன்பதாம் வருசம் மே மாசம் வாங்கினது. நம்பரும் அப்ப அடிச்சதுதான். புத்தகம் பொய் சொல்லுமா?"

"புத்தகம் சொல்லாது," என்றாள் கோகிலா. "அதுக்கு வாய் இல்லீங்களே."

மாசிலாமணி அவளைப் பார்க்கவில்லை. லயத்துப் பெண்களைப் பார்க்காமலே பேசுவது அவருடைய உத்தியோகத்தில் ஒரு பகுதி.

நுஹ்மான் குனிந்து நம்பரைப் பார்த்தார். "இந்த ஏழுக்குக் கால் ஒடஞ்சீக்கிது."

உண்மைதான். ஏழின் கால் பாதியில் அறுந்து, ஒரு விரல் அகலம் தள்ளிக் கீழே மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் காய்ந்து மங்கிய சந்தனப் பொட்டு ஒன்று, நடுவில் குங்குமத்தோடு, இருந்தது.

"பழைய பெயின்ட். உரிஞ்சி போச்சு," என்றார் மாசிலாமணி.

நுஹ்மான் சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டினார். பெடல் சுற்றும் இடத்தின் அடியில், பெயின்டுக்குள் புதைந்து, இரும்பில் குத்திய பத்தொன்பது என்ற எண் தெரிந்தது. அதைக் குறித்துக்கொண்டார். எழுந்து நின்று, மிகவும் பணிவாகக் கேட்டார்.

"கிளாக்கர் ஐயா, அந்தப் புத்தகத்தில ஈக்கிற வரிய ஒரு தாள்ல எழுதி, திகதியோட கையெழுத்து வெச்சித் தர ஏலுமா? எங்களுக்கு இங்கிலீசு எழுத்து அவ்வளவு வெளங்காது."

நுஹ்மானின் இங்கிலீசு கொழும்பு வக்கீல்களை வியர்க்க வைத்த இங்கிலீசு. கோகிலா சிரிப்பை அடக்கச் சுவரிலிருந்த பழைய கலண்டரைப் பார்த்தாள். மாசிலாமணி பெருமையோடு எழுதிக் கொடுத்தார். எழுதுகிற பேனாவால்தான்.

*

ஐயாவுவின் காம்பரா மேற்பிரிவின் கடைசி லயத்தில். இவர்களைக் கூப்பிட்டனுப்பியிருந்த அவன் மனைவி வெள்ளையம்மா பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டு, நின்றபடியே திட்டத் தொடங்கினாள். கிளாக்கரில் தொடங்கிக் கிளாக்கரின் பாட்டனார் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். ஐயாவு தரையைப் பார்த்தபடி இருந்தான். திங்கட்கிழமையிலிருந்து அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

"சைக்கிள் யாரு தந்தது அண்ணே?" என்று கேட்டாள் கோகிலா.

"வவ்வால் துரை."

எண்பத்து நான்கில் ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்து, பாழடைந்த சின்னத்துரை பங்களாவில் ஒன்றரை வருடம் தங்கியிருந்தானாம். குகை குகையாகப் போய் வவ்வால் எண்ணுவதுதான் அவன் படிப்பு. வலை பிடிக்கப் போனது ஐயாவு. அப்போது ஐயாவுவுக்கு இருபத்தைந்து வயது. போகும்போது அந்தப் பையன் சைக்கிளை இவன் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். நீலப் பெயின்ட் உரிந்து துருப்பிடிக்கத் தொடங்கியதும் ஐயாவுதான் ஸ்டோரில் மிஞ்சிய பச்சையை வாங்கி அடித்தான்.

"எழுத்துல ஏதும் இருக்கா?"

"சும்மா குடுக்கிறவங்க ரசீதும் குடுப்பாங்களா தங்கச்சி?"

"இருவது வருசம் சும்மா கெடந்த கிளாக்கருக்கு இப்ப எங்கால திடீர் ஆச?" என்று நுஹ்மான் இடையில் புகுந்தார்.

வெள்ளையம்மா முந்திக்கொண்டாள். "தைப்பொங்கலுக்குப் பொறகு ரெண்டு வெள்ளக்காரங்க வந்தாங்க நானா. உலக முடிவுன்ற மலை விளிம்பு பாக்கப் போறவங்க. சைக்கிளக் கண்டு வேனை நிப்பாட்டி, கட்டிப் புடிக்காத கொற. படம் படமா எடுத்தாங்க. எங்களுக்குப் பாஷ தெரியாதே. இந்த மனுசந்தான் ஓடிப் போய்ப் பெரிய கிளாக்கரக் கூட்டியாந்தாரு, பேசிச் சொல்ல."

"கிளாக்கர் என்னா சொன்னாரு?"

"பழைய இரும்பாம், அஞ்சாயிரம் ரூவா தருவாங்களாம்னு சொன்னாரு," என்றான் ஐயாவு. "நான் விக்கலேன்னுட்டேன். மேட்டுக்கு எறங்காம மிதிச்சிப் போற சைக்கிள் இது ஒண்ணுதான். ராக்காவலுக்கு மூணு மல ஏறணும்."

நுஹ்மான் கோப்பையைக் கீழே வைத்தார். "பூனையக் கூப்பிட்டுக் கருவாட்டுக்கு வெல கேட்டீக்கிறீங்க."

ஐயாவு அப்போதுதான் தலை நிமிர்ந்தான்.

"நானா, சைக்கிள் போனாப் போவுது. பெரட்டுல கள்ளன்னு சொன்னதுதான்..." கோகிலா ஆறிப்போன பிளேன்டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

எழுந்து போகும்போது அவள் ஒன்று மட்டும் கேட்டாள். "அந்தப் பொட்டு எப்ப வச்சது அண்ணே?"

"ஆயுத பூசைக்கு. வருசா வருசம் பழசக் கழுவிட்டுப் புதுசா வைப்பேன். போன ஒக்டோபர்ல வச்சது."

*

கீழே இறங்கும் வழியில் மாரியம்மன் கோயில். அங்கே இருளப்பன் ஏணியில் ஏறி, சிங்கத்தின் மீசைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தான். தோட்டத்தில் பெயின்ட் வேலை என்றால் இருளப்பன்தான். ஸ்டோர்ப் பலகை, லொறி நம்பர், அம்மன் முகம் எல்லாம் அவன் கை.

கோகிலா நின்றாள். நுஹ்மான் நாலு எட்டு போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நானா, ஏழுக்குக் கால் ஒடையல," என்றாள் அவள் மெதுவாக. "பொட்டுக்கு வழி விட்டுப் போயிருக்கு."

"வெளங்கச் சொல்லு புள்ள."

"ஆயுத பூசைக்கு வச்ச பொட்ட நாங்க யாரும் அழிக்கமாட்டோம். வச்சவங்கதான் கழுவணும். லொறிக்குப் பெயின்ட் அடிச்சாலும் பொட்டச் சுத்தித்தான் அடிப்பாங்க. நம்பர் மொதல்ல இருந்து பொட்டு பொறகு வந்திருந்தா, பொட்டுக்கு அடியில வெள்ளப் பெயின்ட் இருக்கணும். பொட்டு மொதல்ல இருந்திருந்தா?"

நுஹ்மான் அவளை ஒரு கணம் பார்த்தார். அவர் அதிகம் பாராட்டுகிற ஆள் அல்ல. "மூக்குச் சிந்தின அனுபவம் வீண் போகல்ல," என்றார்.

கோகிலா ஏணிக்கடியில் போய் நம்பரைப் பற்றிக் கேட்டதும் இருளப்பனின் தூரிகை வழுக்கியது. சிங்கத்தின் மீசை ஒரு பக்கம் நீண்டுபோனது.

"கோகிலா, என்னய இழுத்துறாத. திங்கக்கெழம சைக்கிளப் புடுங்கின பொறகு அவருதான் ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. நம்பரப் பழசு மாதிரி அடின்னாரு. அடிச்சிட்டு மேல தேயிலத் தூசியத் தேச்சேன். எல்லாம் செஞ்சேன். ஆனா அந்தப் பொட்டு மேல பிரஷ்ஷ வைக்கக் கை வரலியே."

"பொய்க்கு மட்டும் கை வந்திச்சாக்கும்."

இருளப்பன் சிங்கத்தின் மீசையைத் துடைக்கத் தொடங்கினான்.

*

பலாங்கொடைக்கு வந்ததும் நுஹ்மான் நேராகச் சைக்கிள் கடைக்குப் போனார். அப்துல் ரஸாக் நாற்பது வருடமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்து, உலகத்திலுள்ள எல்லாச் சைக்கிள்களையும் இழித்துப் பேசுகிறவர். சீனச் சைக்கிள் அவருக்குத் தகரம். இந்தியச் சைக்கிள் பாரம். ஜப்பான்காரனுடையது விளையாட்டுச் சாமான். கொம்பு சைக்கிள் என்றதும் ஸ்பேனர் சாவியைக் கீழே போட்டார்.

"வவ்வால் தொரைட சைக்கிளா? அது சைக்கிள் இல்ல நுஹ்மான், தலையிடி. எம்பத்தஞ்சில பெடல் அச்சு ஒடஞ்சி கொண்டு வந்தான். ஒரு அளவும் நம்மட சாமானுக்குச் சேரல்ல. கடைசில அவன் அமெரிக்காவுக்குக் கடுதாசி போட்டு, செஞ்சவன்ட கையாலேயே சாமான் எடுப்பிச்சான். மூணு மாசம் இங்கதான் தொங்கின."

"செஞ்சவன்ட பேரு?"

"பேரா? அச்சோட ஒரு ஸ்டிக்கரும் வந்திச்சி. நல்ல பசை, வீணாக்கப் போடாதெண்டு ஒட்டிட்டன்."

எங்கே ஒட்டினார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. கருவி அலமாரியின் கதவில் இருபது வருடத்து டயர் விளம்பரங்களும் கலண்டர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. கோகிலா மண்ணெண்ணெய்த் துணியோடு அரை மணிநேரம் சுரண்டினாள். ஒரு தேர்தல் சுவரொட்டியில் இருந்தவரின் முகம் கிழிந்தது. "பரவால்ல, அவரு தோத்தவருதான்," என்றார் ரஸாக். அதற்கும் அடியில் வட்டமான ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் வந்தது. மேலே பிக்கட் என்ற பெயர். கீழே கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊரின் பெயர்.

"இவ்வளவு பெரிய நாட்டுல ஒரு பிக்கட்டை எப்படி நானா புடிக்கிறது?"

"நம்மட லயத்தில ஒருத்தன் என்ன திண்டானெண்டு மத்தவனுக்குத் தெரியிற மாதிரி, சைக்கிள் பைத்தியங்களுக்கு மத்தப் பைத்தியங்களத் தெரியும். வா."

றிஸ்மியாவின் தொலைபேசிக் கடையான கொமியூனிகேஷனில் ஒரே ஒரு கம்பியூட்டர். அது ஒரு பக்கத்தைத் திறக்க எடுக்கும் நேரத்தில் பிளேன்டீ போட்டுக் குடித்துவிடலாம். பழைய மலைச் சைக்கிள்களுக்கென்றே ஒரு கூட்டம் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தில் பிக்கட்டின் பெயர் கிடைத்தது. ஆள் உயிரோடு இருந்தார். ஈமெயில் விலாசமும் இருந்தது. நுஹ்மான் பத்து வரியில் கடிதம் எழுதி, பத்தொன்பது என்ற எண்ணையும் சேர்த்து அனுப்பினார்.

வியாழன் முழுக்கப் பதில் இல்லை. வெள்ளி காலை ஏழு மணிக்கு றிஸ்மியா அச்செடுத்த தாளை நீட்டினாள். நுஹ்மான் படித்தார். இரண்டாம் தரம் படித்தார். பிறகு நாலாக மடித்துப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"என்னா எழுதியிருக்கு?"

"முதல்ல பொட்டு. பொறகு கடுதாசி. துருப்ப முதல்ல எறக்கிறவனுக்குச் சீட்டு வெளையாடத் தெரியாது."

"எனக்காவது சொல்லலாம்ல?"

"ஒண்ட முகம் பொய் சொல்லாது புள்ள. அது தான் பிரச்சின."

தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் கோகிலா வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

*

இன்குவாரி துரையின் அறையில். துரை வந்து இரண்டு வருடம்தான். தமிழ் பேசுவார், நேரமிருந்தால். அன்று நேரமில்லை என்பது கைக்கடிகாரத்தை அவர் பார்த்த விதத்தில் தெரிந்தது. சைக்கிள் மேசைக்கு முன்னால் நின்றது. ஐயாவு கதவோரம் நின்றான். மாசிலாமணிக்கு நாற்காலி போடப்பட்டிருந்தது.

புத்தகம் திறக்கப்பட்டது. நம்பர் காட்டப்பட்டது. மாசிலாமணி தன்னுடைய சேவைக் காலத்தையும் தொழிலாளர் ஒழுக்கத்தையும் பற்றி ஏழு நிமிடம் பேசினார். துரை கொட்டாவி விட்டார்.

கோகிலா எழுந்து பொட்டைப் பற்றிச் சொன்னாள். துரைக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "ஹரி, அப்ப அழிச்சிப் பாருங்க," என்றார், சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லி.

அறையில் ஒருவரும் அசையவில்லை. மாசிலாமணிகூடக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். துரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் பாதி விளங்கியது.

"நான் வச்சது. நானே எடுக்கிறேங்க," என்று ஐயாவு முன்னால் வந்தான். துவாயின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, பொட்டைத் துடைத்தான். அடியில் வெறும் பச்சை. வெள்ளைப் பெயின்ட் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஏழின் கால் பொட்டுக்கு மேலே நின்று கீழே மறுபடி தொடங்கிய தடம் சுத்தமாகத் தெரிந்தது.

"போன ஒக்டோபர்ல வச்ச பொட்டு," என்றாள் கோகிலா. "எழுபத்தொன்பதுல அடிச்ச நம்பர், இருபத்தஞ்சு வருசம் கழிச்சி வரப்போற பொட்டுக்கு எடம் விட்டு வச்சிருக்குதுங்க தொரை."

அவள் வென்றுவிட்டதாகவே நினைத்தாள். மாசிலாமணி அசையாமல் சிரித்தார்.

"சேர், பழைய நம்பர் பச்சப் பெயின்டுக்குள்ள மறஞ்சி போனதால நான்தான் திங்கக்கெழம புதுசா அடிப்பிச்சேன். ஸ்டொக் பாக்கிற நேரம் எல்லாத்துக்கும் அடிக்கிறதுதானே. அதனால சொத்து மாறிடுமா? புத்தகத்தில இருக்கே."

துரை தலையாட்டினார். உரிஞ்சி போன பழைய பெயின்ட் என்று புதன்கிழமை சொன்ன அதே வாய். அதைச் சொல்லிக் காட்டினாலும் எடுபடாது. அவள் வார்த்தைக்கு எதிராக அங்கே கிளாக்கர் வார்த்தை. ஐயாவு மறுபடி தரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

நுஹ்மான் மெதுவாகப் பொத்தானைக் கழற்றினார்.

"சேர், கிளாக்கர் ஐயா சொல்றது சரி. புத்தகந்தான் முக்கியம். அவர் கையெழுத்திலயே ஈக்கிது. சைக்கிள் வாங்கினது எழுபத்தொன்பது மே." புதன்கிழமை கிளாக்கர் எழுதிக் கொடுத்த தாளை மேசையில் வைத்தார். பிறகு மற்றத் தாளை அதன்மேல் வைத்தார். "இது சைக்கிள செஞ்ச ஆள் எழுதினது. மொத்தம் முப்பத்தாறு தான் செஞ்சீக்கிறார், எல்லாம் சொந்தக் கையால. அடியில பத்தொம்பது குத்தினத எம்பத்திரெண்டு மார்கழியில செஞ்சாராம். தோட்டம் மூணு வருசம் முந்தியே வாங்கீக்கிது. பொறக்காத புள்ளைக்குப் பேரு பதிஞ்ச மாதிரி."

துரை கொட்டாவியை நிறுத்தினார். தாளை இழுத்துத் தானே படித்தார்.

மாசிலாமணிக்கு அப்போதும் வாய் அடைக்கவில்லை. "சேர், நாட்டுக்கு வெளியில இருக்கிற எவனோ எழுதினத நம்பி..."

"பொறுங்க," என்றார் துரை. படித்துக்கொண்டே போனவரின் முகம் மாறியது. தாளின் கடைசிப் பகுதியை இரண்டு தடவை படித்தார். பிறகு சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார்.

வவ்வால் எண்ணிய மாணவன் இப்போது ஒரு பேராசிரியர். பிக்கட் அவருக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். சைக்கிளைத் தன் வலையைப் பிடித்த ஐயாவு என்பவருக்குப் பரிசாகக் கொடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். இன்று அதன் விலை எட்டாயிரம் டொலர், நம்முடைய காசில் எட்டு லட்சம். ஆனால் பிக்கட்டுக்கு ஒரு குழப்பம். போன மாதம் இதே பத்தொன்பதாம் சைக்கிளைப் பற்றி அவருக்கு இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது. சிலோனில் சைக்கிளைப் படம் பிடித்த இரண்டு பேர், வாங்கலாமா என்று கேட்டு எழுதியது. விற்பவர் சைக்கிள் தன்னுடைய சொந்தச் சொத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம்.

துரை தாளைக் கீழே வைத்தார். "விக்கிற ஆள் பேரு மிஸ்டர் மாசிலாமணி."

எட்டு லட்சம் என்றதும் அறையில் எல்லோருக்கும் வாய் பிளந்தது. ஐயாவு சுவரைப் பிடித்துக்கொண்டான். கோகிலா கிளாக்கரைப் பார்த்தாள். அந்தத் தொகையைக் கேட்டு அவர் ஒருவர் மட்டும் அதிசயப்படவில்லை.

"ஐயாவுகிட்டப் புடுங்குற வரைக்கும் தோட்டத்துச் சொத்து," என்றாள் கோகிலா. "வெள்ளக்காரனுக்கு விக்கிற நேரம் சொந்தச் சொத்து. தொரை, இவரு உங்களையும் சேத்துத்தான் ஏமாத்தியிருக்காரு."

துரைக்கு இப்போதுதான் கோபம் வந்தது. ஐந்து நாளாக ஒருவனைக் கள்ளன் என்று மலை முழுக்கச் சொல்லித் திரிந்ததற்கு வராத கோபம், தோட்டத்தை ஏமாற்றப் பார்த்தான் என்றதும் காது வரைக்கும் சிவந்து வந்தது. சிங்களத்தில் பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தச் சொற்களை இங்கே எழுத முடியாது. மாசிலாமணி எழுந்து நின்றார். நாற்காலியில் இருந்தபோது பெரிதாகத் தெரிந்த ஆள், நின்றால் துரையின் தோளுக்குத்தான் வந்தார்.

கடைசியில் துரை மூச்சு வாங்கிக்கொண்டு ஐயாவு பக்கம் திரும்பினார். "ஹரி ஐயாவு. சைக்கிள் உன்னோடது. கொண்டு போ. மாசிலாமணி மன்னிப்புக் கேக்கட்டும். கதவச் சாத்துங்க."

கதவு சாத்தப்பட்டது. மாசிலாமணி சுவரைப் பார்த்து, "தப்பு நடந்திருச்சி," என்று முணுமுணுத்தார்.

துரை சைக்கிளைக் காட்டினார். ஐயாவு சைக்கிளைத் தொடவில்லை.

"தொரை, கதவத் தொறந்துருங்க," என்றான். ஐந்து நாளில் முதல் தடவையாக அவன் குரல் வெளியில் வந்தது. "கள்ளன்னு சொன்னது பெரட்டுல. இல்லேன்னு சொல்றது கதவச் சாத்திக்கிட்டா?"

"ஐயாவு, அவர் ஸ்டாஃப். எல்லாருக்கும் முன்னால எப்படி..."

"நான் எல்லாருக்கும் முன்னாலதான் நின்னேங்க."

துரை பேச வாயெடுத்தார். நுஹ்மான் மேசையிலிருந்த தாளை எடுத்து, மெதுவாக மடிக்கத் தொடங்கினார். தோட்டத்துத் தளபாட நம்பர் காவல்காரன் சைக்கிளில் பொய்யாக ஏறிய கதை கம்பனியின் கொழும்பு ஆபீசுக்குப் போனால், அதற்கு யாரிடம் விளக்கம் கேட்பார்கள் என்று துரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நாளைக் காலையில," என்றார் துரை.

*

சனிக்கிழமை பெரட்டுக்கு வராத ஆள் இல்லை. சுகமில்லை என்று இரண்டு வாரம் படுத்திருந்தவர்கள்கூட வந்து நின்றார்கள். பிள்ளைக் காம்பராவைப் பூட்டிவிட்டு ஆயம்மாவும் வந்தாள். கோகிலா நுஹ்மானை விடியற்காலை பஸ்ஸில் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் தூக்கக் கலக்கத்தில் கல்லொன்றில் உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி வந்தார். சட்டைப் பையில் பேனா எதுவும் இல்லை. கூட்டத்தைப் பார்க்காமல், காலுக்குக் கீழே இருந்த மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயாவு களவெடுக்கல."

பின் வரிசையிலிருந்து வெள்ளையம்மாவின் குரல் வந்தது. "கேக்கலீங்க!"

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "ஐயாவு களவெடுக்கல. சைக்கிள் அவரோடதுதான்."

"இங்கிட்டும் கேக்கல!" என்றது கொழுந்துக் கூடை தூக்கிய பெண்கள் கூட்டம், ஒரே குரலில்.

கங்காணி சிரிப்பை மறைக்கத் துவாயால் முகத்தைத் துடைத்தார். துரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாசிலாமணிக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. மூன்றாம் தரம் அவர் கத்தியேவிட்டார். அந்தக் கத்தல் கீழ்ப்பிரிவு வரைக்கும் கேட்டிருக்கும்.

"நான்தான் பொய் சொன்னேன்! ஐயாவு களவெடுக்கல!"

ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் ஐயாவுவைப் பார்த்தார்கள். அவன் தலையை நிமிர்த்தி, முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரைக்கும், ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பார்த்து முடிய நேரமெடுத்தது. அதுவரைக்கும் இருநூறு பேரும் காத்திருந்தார்கள். பிறகு அவன் கங்காணியிடம் திரும்பினான்.

"வேலயப் பிரிங்க அண்ணே. நேரமாவுது."